ஸ்பீக்கரை மாற்றும் முன் அறையைப் பாருங்கள்: கேள்வி பதில்

வீட்டில் பாட்டுக் கேட்கும் அறையைப் பற்றி சேலம், ஏற்காடு பக்கத்திலிருந்து வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

அழகாபுரம்: அண்ணா, புது வீட்டில் 10-க்கு 10 அறை, கீழே டைல்ஸ், மேலே கான்கிரீட். பாஸ் கிட்டார் வரும்போது ஒரு சுரம் மட்டும் "தும்"மென்று தனியாக நிற்கிறது. ஆம்ப்ளிஃபயரை மாற்றலாமா?

ஆம்ப் பாவம், அதை விடுங்கள். ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர் போகிறது, உங்கள் அறை 3.05 மீட்டர், வேகத்தை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் 56 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 56 அதிர்வு) வரும், சுவர்கள் தூக்கிப் பிடிக்கும் சுரம் அதுதான். பாஸ் கிட்டாரின் ஏ தந்தியை விரல் அழுத்தாமல் மீட்டினால் 55 ஹெர்ட்ஸ்! நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் இரண்டு ஜோடிச் சுவர்களும் அதே சுரத்தைத்தான் பிடித்துத் தூக்குகின்றன, சீலிங்கும் 10 அடி என்றால் கேட்கவே வேண்டாம்.

முதலில் காசில்லாத வேலை. சுவரை ஒட்டிய இடத்தில் இந்தச் சுரம் பெருக்கும், நட்டநடுவில் காணாமலே போகும், அதனால் நாற்காலியைப் பின்சுவரிலிருந்து நாலடி முன்னால் போடுங்கள். ஸ்பீக்கர்களை மூலையிலிருந்து வெளியே இழுங்கள். போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றைப் போட்டு ஆம்ப்பில் இணைத்து, 56-ஐ மெதுவாக ஓடவிட்டு அறைக்குள் நடந்து பாருங்கள், எங்கே ஏறுகிறது எங்கே அடங்குகிறது என்று காதுக்கே தெரியும். அதற்கப்புறமும் மிச்சம் இருந்தால் மூலைகளில் தரையிலிருந்து சீலிங் வரை ராக்வூல் (கல் இழைப் பலகை) நிறுத்துங்கள். கனம் 4 இஞ்சுக்குக் குறைந்தால் பாஸுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, 6 கிடைத்தால் இன்னும் நல்லது.

அம்மாபேட்டை: பக்கத்து வீட்டில் விசைத்தறி. சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டினால் சத்தம் குறையுமா?

குறையாது. இந்த முட்டை அட்டை யோசனையை யார் கிளப்பிவிட்டார்களோ! அறைக்குள் எதிரொலியை அடக்குவது ஒரு வேலை, வெளிச் சத்தத்தைத் தடுப்பது முற்றிலும் வேறு வேலை. தடுக்க எடை வேண்டும், இடுக்கு அடைபட வேண்டும்: கனமான கதவு, ஜன்னல் ஓரத்துக்கு ரப்பர் பீடிங், முடிந்தால் இரட்டைக் கண்ணாடி. ஆனால் தறியின் அதிர்வு தரை வழியாகவும் ஏறி வரும், அதை நம் பக்கம் நின்று முழுசாக நிறுத்த முடியாது. தறி நின்ற பிறகு பாட்டுக் கேளுங்கள். அட்டை சீக்கிரம் தீப்பற்றும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏற்காடு: சார், இங்கே மழை மாதங்களில் துணியெல்லாம் பூசணம் பிடிக்கிறது. ராக்வூல் தாங்குமா?

ராக்வூல் என்பது கல்லை உருக்கி இழுத்த இழை, பூசணம் தின்ன அதில் ஒன்றுமில்லை. பிடிப்பதெல்லாம் மேலே போர்த்திய துணியிலும் சட்டத்திலும் படிந்த தூசியிலும்தான். பேனலை, அதாவது சட்டத்தில் ராக்வூல் வைத்துத் துணி போர்த்திய பலகையை, சுவரோடு ஒட்டாமல் 2 இஞ்ச் தள்ளி மாட்டுங்கள், காற்று போகும், அதோடு இடைவெளி இருந்தால் இன்னும் தாழ்ந்த சுரம்வரை உறிஞ்சும். இலவம்பஞ்சு மட்டும் அங்கே வேண்டாம். உங்களுடையது மரத் தட்டு போட்ட பழைய ஓட்டு வீடு என்றால் பாஸில் நல்ல பங்கு கூரை வழியாகவே வெளியேறிவிடும், மூலைக்குச் செலவு செய்யும் முன் ஒருமுறை பாட்டைப் போட்டுக் கேட்டுப் பாருங்கள்.

செவ்வாய்பேட்டை: தரையில் ஜமுக்காளம் விரித்தால் போதாதா?

மெல்லியது, உச்ச சுரங்களை மட்டும் கொஞ்சம் தின்னும். அதையே நாலு சுவரிலும் தொங்கவிட்டால் பாட்டு மந்தமாகிவிடும், "தும்" அப்படியே இருக்கும்.

சூரமங்கலம்: ஹாலில் அட்டை கிட்டை மாட்டினால் வீட்டில் சண்டை வரும். குறைந்தபட்சம் என்ன செய்யலாம்?

பக்கச் சுவருக்கு ஒன்று, அவ்வளவுதான். நீங்கள் கேட்கும் இடத்தில் உட்காருங்கள், வேறொருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு நகர்த்தட்டும், அதில் அந்தப் பக்க ஸ்பீக்கர் தெரியும் இடம்தான் ஒலி முதலில் பட்டுத் திரும்பும் இடம். அங்கே 2 அடிக்கு 4 அடியில் ஒரு பேனல். மேல்துணியை வீட்டில் உள்ளவர்களே தேர்ந்தெடுக்கட்டும், பாதிச் சண்டை அதிலேயே தீரும். ஆனால் இளம்பிள்ளைச் சேலையே ஆனாலும் வாயருகே வைத்து ஊதிப் பாருங்கள், மறுபக்கம் காற்று வந்தால்தான் ஒலியும் உள்ளே போகும்.

அழகாபுரம் மறுபடியும்: அண்ணா, ஈக்வலைஸரில் சரிசெய்ய முடியாதா?

எழும்பி நிற்கும் 56-ஐக் குறைக்கலாம், அதற்கு நல்ல பலன் உண்டு. ஆனால் நட்டநடுவில் உட்கார்ந்துகொண்டு காணாமல் போன சுரத்தைத் தூக்கிவிட்டால் ஸ்பீக்கர் திணறும், காதுக்கு ஒன்றும் வந்து சேராது. நாற்காலியை நகர்த்திவிட்டு எழுதுங்கள்.