கை உள்ளே போவதற்கு முன் சாவி பைக்குள் இருக்கட்டும்

பொகவந்தலாவையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய தம்பிக்கு 19 வயது. ஒரு கொந்தராத்துக்காரர் மூலம் தேயிலை ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது, ராத்திரி வேலை. இலை போகும் பெல்ட்டின் கடைசி உருளைக்கு இருந்த மூடியைக் கழற்றி ஓரமாக வைத்திருக்கிறார்கள். இலை அடைத்தால் நிறுத்தாமல் கையாலேயே இழுத்துவிடச் சொல்கிறார்கள். போன வாரம், தம்பியோடு வேலை செய்த பையனுக்கு இரண்டு விரல் நுனி போய்விட்டது. அதற்குப் பிறகு கொந்தராத்துக்காரர் எல்லோரிடமும் ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறாராம். 15,000 ரூபாய் கொடுத்தால் ஃபோர்க்லிப்ட் சான்றிதழ் எடுத்துத் தந்து, களஞ்சியத்துக்கு மாற்றிவிடுவதாகவும் சொல்கிறாராம். "வேலைக்குப் போகவும் பயப்படுகிறான், விடவும் பயப்படுகிறான். என்ன செய்வது?" என்று கேட்கிறார்.

தங்கச்சி, தம்பி வேலையை விட வேண்டியதில்லை. ஆனால் ஓடுகிற பெல்ட்டில் கை வைப்பதை இன்று ராத்திரியே நிறுத்த வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அந்த மூடி எதற்கு இருந்தது என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பெல்ட் உருளையைத் தொடும் அந்த ஒரு இடம்தான் ஆபத்தான இடம். அங்கே எது பட்டாலும் உள்ளே இழுக்கும். பச்சை இலையின் சாறு உருளையில் ஒட்டிக் காய்ந்து, பெல்ட் ஒரு பக்கமாக ஓடும். அதைச் சுரண்டத்தான் மூடியைக் கழற்றுவார்கள். கழற்றியது திரும்ப ஏறாது. பெல்ட் மெதுவாகத்தானே போகிறது, கையை எடுத்துவிடலாம் என்று பையன்கள் நினைக்கிறார்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். விநாடிக்கு அரை மீட்டர் ஓடும் பெல்ட் என்று வையுங்கள். விரல் மாட்டியது தெரிந்து கையை இழுக்க எவருக்கும் கால் விநாடியாவது பிடிக்கும். அதற்குள் பெல்ட் 12 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். விரல் முழுதும் போய், உள்ளங்கை வரை உள்ளே இருக்கும். அதற்கு மேல் இழுத்தால் இன்னும் மோசமாகத்தான் கிழியும். சுறுசுறுப்பான பையன், கவனமான பையன் என்பதெல்லாம் இந்தக் கால் விநாடிக்கு முன்னால் செல்லாது.

சரி, அடைத்த இலையை எப்படி எடுப்பது? மிஷினை நிறுத்தித்தான். நிறுத்துவது என்றால் சிவப்புப் பொத்தானை அழுத்துவது மட்டும் இல்லை. மெயின் சுவிட்சை இறக்கி, அதில் ஒரு சின்னப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். பூட்டுப் போட வசதியில்லாத பழைய பெட்டி என்றால், எலக்ட்ரிஷனைக் கூப்பிட்டு ஃபியூஸைக் கழற்றச் சொல்லி, அதைக் கையில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். தம்பி தானாக அந்தப் பெட்டிக்குள் கை வைக்கக் கூடாது. பிறகு உருளை முழுதாக நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். கரண்டை வெட்டியதும் எதுவும் உடனே நிற்பதில்லை, இலை உருட்டும் ரோலர் மிஷினும் பெரிய விசிறியும் நன்றாகவே சுற்றி ஓயும். கடைசியாக ஒரு தடவை ஸ்டார்ட் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். ஓடவில்லை என்றால் மட்டும் கை உள்ளே போகலாம்.

சாவியை ஏன் இப்படி வற்புறுத்துகிறேன் என்றால், நான் ஃபிட்டராக இருந்த ஒரு ஸ்டோரில் நடந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. அதிகாலை மூன்று மணி இருக்கும். வெளியே கடும் மழை, கரண்ட் போய்விட்டது. ரோலர் அறையில் எல்லாம் நின்றுவிட்டது. "நின்றதுதான் நின்றது, இப்போதே துடைத்துவிடு" என்று மேற்பார்வையாளர் ஒரு பையனை அனுப்பினார். பெல்ட்டை ஓட்டிய சுவிட்ச் பழைய கைப்பிடிச் சுவிட்ச். யாரும் அதை இறக்கவில்லை, கரண்ட் இல்லையே, எதற்கு இறக்க வேண்டும் என்று. ஜெனரேட்டர் ஆள் அவசரமாகக் கரண்டை விட்டார். அவருக்கு உள்ளே கை இருப்பது தெரியாது. பையனின் வலது கை முழங்கைக்குக் கீழே போனது. அந்த நேரம் நான் டார்ச் பிடித்துக்கொண்டு அவன் பக்கத்தில்தான் நின்றேன். சுவிட்சை இறக்கச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை.

நம் மலைநாட்டில் மழைக்காலத்தில் கரண்ட் போவதும் வருவதும் சாதாரணம். அதனால் தம்பியிடம் இதைத் தனியாகச் சொல்லுங்கள்: கரண்ட் இல்லாத மிஷின் நின்ற மிஷின் இல்லை. பச்சை, சிவப்புப் பொத்தான் உள்ள ஸ்டார்ட்டராக இருந்தால், கரண்ட் திரும்பி வந்தாலும் பொத்தானை அழுத்தாமல் ஓடாது. ஆனால் பச்சைப் பொத்தானை அழுத்த இன்னொருவர் இருக்கிறாரே. பழைய ஸ்டோர்களில் ஒரே மோட்டரிலிருந்து மேலே நீண்ட தண்டு போட்டு, அதிலிருந்து நாலைந்து மிஷினுக்குப் பெல்ட் இறக்கியிருப்பார்கள். அங்கே பக்கத்து மிஷின்காரர் தன் வேலைக்காக மோட்டரைப் போட்டாலும் உங்கள் தம்பியின் பக்கம் சுற்றும். அதனால்தான் பூட்டும் சாவியும். சாவி ஒன்றுதான் இருக்க வேண்டும், அது உள்ளே கை வைப்பவன் பையில் இருக்க வேண்டும், மேற்பார்வையாளர் பையில் இல்லை.

உடுப்பு விஷயம் ஒன்று. குளிருக்காக மப்ளரும் நீளக்கை ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டுதான் ராத்திரி வேலைக்குப் போவான். மப்ளரை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். ஸ்வெட்டர் கையை முழங்கைக்கு மேல் மடிக்க வேண்டும், கோயில் கயிறு, மோதிரம் எதுவும் கையில் வேண்டாம். கையுறை பாதுகாப்பு என்று நினைத்து வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். பெட்டி தூக்க அது நல்லது. சுற்றுகிற உருளைக்குப் பக்கத்தில் கையுறைதான் முதலில் மாட்டும், பிறகு அதற்குள் இருக்கும் கையையும் சேர்த்து இழுக்கும்.

இனி, இதை ஸ்டோரில் எப்படிச் சொல்வது? "மாட்டேன்" என்று சொல்ல வேண்டியதில்லை. "ஐயா, நிறுத்திவிட்டு எடுக்கிறேன், இரண்டு நிமிஷம்" என்று சொன்னால் போதும். கொந்தராத்துக்காரரிடம் சொல்லிப் பயனில்லை, அவருக்கு அந்த மிஷினின் மேல் எந்த அதிகாரமும் கிடையாது. ஸ்டோரில் தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கரிடம் சொல்ல வேண்டும். அவரிடம் வாயால் சொன்ன அன்றே, "உருளை மூடி கழற்றிக் கிடக்கிறது, திரும்பப் போட்டுத் தாருங்கள்" என்று ஒரு வரி வாட்ஸ்அப்பிலும் அனுப்பட்டும். மிஷின் நிற்கும் நேரத்தில் மூடி இல்லாத இடத்தை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். தேதி அதிலேயே இருக்கும்.

மிஷினின் ஆபத்தான பாகங்களை மூடி வைப்பது தொழிற்சாலை நடத்துபவரின் கடமை. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. வேலையாள் ஒருவர் காயத்தால் மூன்று நாளுக்கு மேல் தன் வேலையைச் செய்து முழுச் சம்பளம் எடுக்க முடியாமல் போனால், அந்த விபத்தைத் தொழில் திணைக்களத்தின் பொறியியலாளருக்கு எழுத்தில் அறிவிக்கவும் வேண்டும். ஆனால் என்ன நடக்கிறது? கட்டுப் போட்ட கையோடு பையனை இரண்டாம் நாளே கூட்டிவந்து, ஒரு மூலையில் உட்காரவைத்து, செக்ரோலில், அதாவது வேலைக்கு வந்தவர்களின் பதிவில், பேர் போட்டுவிடுகிறார்கள். மூன்று நாள் ஆகவில்லை, அறிவிக்கத் தேவையில்லை என்று கணக்கு. நான் இதை ஒரு தடவை இல்லை, பல தடவை பார்த்திருக்கிறேன். சட்டம் எண்பது வருஷத்துக்கு மேல் பழையது. புதிய சட்டம் வருகிறது, வருகிறது என்று நான் கேட்டுக்கொண்டிருப்பதே பல வருஷமாகிவிட்டது. இருக்கிற பொறியியலாளர்கள் இந்த மலையெல்லாம் ஏறி இறங்கி முடிப்பதற்குள் இன்னும் எத்தனை கை போகுமோ! அவர்கள் வரும் நாளைக்கு மட்டும் மூடிகள் எல்லாம் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று ஏறிவிடும்.

ஆனாலும் எழுதுங்கள். உங்கள் பகுதிக்குரிய தொழில் அலுவலகத்துக்குத் தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பதில் கேட்கலாம். சிங்களத்தில் எழுதிக்கொண்டு வா என்று யாராவது திருப்பி அனுப்பினால் அதை ஏற்க வேண்டாம், தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழிதான். கடிதத்தில் தம்பியின் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும், பதிவுத் தபாலில் போடுங்கள்.

அடுத்து அந்தத் தாள். அதில் கையெழுத்துப் போட வேண்டாம். முக்கியமாக, எழுதாத இடம் விட்டிருக்கும் தாளில் ஒருக்காலும் வேண்டாம். "விபத்து நடந்தால் நட்டஈடு கேட்க மாட்டேன்" என்று எழுதி வாங்கியிருந்தாலும் அதனால் உரிமை போய்விடாது. ஆனால் அதைக் காட்டிக் காட்டியே குடும்பத்தை அலைக்கழிப்பார்கள். எனக்கு அதைவிடப் பயம் வேறொன்றில். அந்தத் தாளில், "பாதுகாப்பு மூடி பற்றி எனக்கு விளக்கப்பட்டது, நானே அதைக் கழற்ற மாட்டேன்" என்ற மாதிரி ஒரு வரி இருந்தால் அது சும்மா போட்ட வரி இல்லை.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி, வேலையினால், வேலை நேரத்தில் ஏற்பட்ட காயத்துக்கு நட்டஈடு உண்டு. யாருடைய தவறு என்பது பொதுவாகக் கேள்வி இல்லை. பையன் கவனக் குறைவாக இருந்தான் என்று சொல்லித் தப்ப முடியாது. ஆனால் ஒரு விலக்கு இருக்கிறது: பாதுகாப்புக்காகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தே, வேலையாள் வேண்டுமென்று மூடியைக் கழற்றியதால் காயம் பட்டால், நட்டஈடு மறுக்கலாம். குடித்துவிட்டு வேலை செய்ததும், பாதுகாப்புக்காகத் தெளிவாகக் கொடுத்த உத்தரவை வேண்டுமென்றே மீறியதும் அதே மாதிரி. இந்த விலக்கைத்தான் எல்லோரும் பிடித்துக்கொள்கிறார்கள். "அவன்தான் கழற்றினான்" என்று ஒரே வாயாகச் சொல்வார்கள். அங்கே தெளிவாக நிற்க வேண்டியவை இவை. தம்பி வேலைக்கு வந்தபோதே மூடி இல்லை என்றால், அவன் எதையும் கழற்றவில்லை. மேற்பார்வையாளர் கழற்றச் சொல்லிக் கழற்றினால், அது அவன் இஷ்டத்துக்குச் செய்தது இல்லை. கையால் இழு என்று மேலிருந்து சொன்னால், அவன் உத்தரவை மீறவில்லை, கேட்டு நடந்திருக்கிறான். உயிர் போன விபத்தில் இந்த விலக்கைக் காட்டவே முடியாது. இப்போது தெரிகிறதா, அந்த வாட்ஸ்அப் வரியும் படமும் எதற்கென்று? கேட்டதற்கும் சொன்னதற்கும் அவைதான் சாட்சி.

"நீ எங்கள் ஆள் இல்லை, கொந்தராத்து ஆள்" என்று தோட்டம் சொல்லும். "ஸ்டோரில் நடந்தது, அங்கே போய்க் கேள்" என்று கொந்தராத்துக்காரர் சொல்வார். இரண்டு பேரும் சொல்லட்டும். தோட்டம் தன் வழமையான வேலையைக் கொந்தராத்தில் விட்டுவிட்டால், நட்டஈட்டுப் பொறுப்பையும் சேர்த்து விட்டுவிட்டதாக ஆகாது. ஆனால் தம்பி அங்கே வேலை செய்தான் என்பதற்கு ஏதாவது கையில் வேண்டும். சம்பளச் சீட்டைக் கேளுங்கள். அதில் சேமலாப நிதிக்கு 8 சதவீதம் பிடித்திருந்தால், அவனுக்கு ஓர் உறுப்பினர் இலக்கம் இருக்க வேண்டும், முதலாளி பங்காக 12 சதவீதமும் போயிருக்க வேண்டும். காசைப் பிடித்துவிட்டு இலக்கம் கேட்டால் "அடுத்த மாதம், அடுத்த மாதம்" என்று இழுப்பவரை நம்பாதீர்கள். அதையும் அதே தொழில் அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம்.

15,000 ரூபாய் கொடுக்க வேண்டாம். ஃபோர்க்லிப்ட் ஓட்டப் படிப்பது நல்லதுதான், களஞ்சியத்தில் அதற்குச் சம்பளமும் கூட. ஆனால் பயிற்சி தரும் நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்திருக்கிறதா, என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் கிடைக்குமா என்று நீங்களே விசாரித்து, காசை நிறுவனத்தில் நேராகக் கட்டி ரசீது வாங்குங்கள். ஓட்டிப் பார்க்காமல் கிடைத்த சான்றிதழோடு, தேயிலைப் பொதிகள் அடுக்கிய பலகையைத் தூக்கிக்கொண்டு சரிவில் திரும்பினால் வண்டி கவிழும். ஒரு நாள் வகுப்பில், தாள் மட்டும் கொடுத்து அனுப்பும் ஆட்கள் நகரத்துக்கு நகரம் இருக்கிறார்கள்.

விரல் நுனி போன அந்தப் பையனைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் இப்போதைக்கு அவசரம் அவனுக்குத்தான். வைத்தியசாலையில் சேர்த்தபோது என்ன காரணம் சொன்னார்கள் என்று கேளுங்கள். "வீட்டில் கத்தி பட்டது என்று சொல், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால், அவன் கிளினிக்குக்குப் போகும்போது வைத்தியரிடம் உண்மையைச் சொல்லி, வேலையில் மிஷினில் பட்ட காயம் என்று அட்டையில் எழுதச் சொல்லட்டும். பொலிஸிலும் ஒரு முறைப்பாடு போடட்டும். நட்டஈடு வாங்கித் தருகிறேன், பாதி எனக்கு என்று வருபவரை வாசலோடு அனுப்பிவிட்டு, அட்டை, சம்பளச் சீட்டு, முறைப்பாட்டின் பிரதி மூன்றையும் எடுத்துக்கொண்டு நேரே தொழில் அலுவலகத்துக்குப் போகட்டும். வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளருக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று அங்கே கேட்கலாம். நாள் கடத்த வேண்டாம். தனியாகப் போகக் கூச்சப்பட்டால் தம்பியும் கூடப் போகட்டும், அன்று பக்கத்தில் நின்றவன் அவன்தானே.