வேர்ட்பிரஸ் வேலையும் வீடும்: கேள்வி பதில்

வேர்ட்பிரஸ் என்பது இணையதளம் அமைக்க உதவும் மென்பொருள். வீட்டிலிருந்தபடியே அதில் தளங்கள் கட்டிக்கொடுத்துப் பராமரித்து வருகிறேன். வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இதே வேலையில் இருப்பவர்களும், வர நினைப்பவர்களும் கேட்டதற்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, மகனுக்கு இரண்டு வயது. அவன் மதியம் தூங்கும் நேரத்தில் மட்டும் வேலை செய்து சமாளிக்க முடியுமா?

பாதி வேலையைச் சமாளிக்கலாம். பாதியில் விட்டு எழுந்தாலும் கெட்டுப்போகாத வேலைகள் நிறைய உண்டு: பதிவுகளை ஏற்றுவது, படங்களைச் சுருக்குவது, நிறம், எழுத்தளவு போன்றவற்றைக் குறிக்கும் சிஎஸ்எஸ் திருத்துவது, சைல்டு தீமில் (தளத்தின் தோற்றம் தரும் தீமின் மேல் நம் மாற்றங்களை வைக்கும் துணைத் தீமில்) ஒரு பகுதியைச் சரிசெய்வது. இவற்றைத் தூங்கும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சர்வர் மாற்றுவது, வேர்ட்பிரஸ் ஓடும் பிஎச்பி மொழியின் பதிப்பை ஏற்றுவது, பணம் வாங்கும் பக்கத்தில் கை வைப்பது, இவையெல்லாம் வேறு கணக்கு. வீட்டில் இன்னொரு பெரியவர் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் நேரத்தில்தான் தொடங்க வேண்டும். காரணம் இருக்கிறது. தளத்தை வேறு முகவரிக்கு மாற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பழைய முகவரி டேட்டாபேஸில் பல இடங்களில் அதன் நீளத்தோடு சேர்த்துப் பதிவாகியிருக்கும். அவசரத்தில் சாதாரண ஃபைண்ட்-ரீப்ளேஸ் செய்தால் நீளம் பொருந்தாது. பக்க ஓரத்தில் வைக்கும் சிறு பெட்டிகளான விட்ஜெட்டுகளும் தீம் அமைப்புகளும் காணாமல் போகும். கட்டளைகள் தட்டி வேர்ட்பிரஸை இயக்கும் டபிள்யூபி-சிஎல்ஐ கருவி தரும் சர்ச்-ரீப்ளேஸ் கட்டளை நீளத்தையும் சேர்த்தே திருத்திவிடும். ஆனால் அதையும் முதலில் ட்ரை-ரன் (எதையும் மாற்றாத ஒத்திகை) ஓட்டிப் பார்க்க வேண்டும், முடிந்ததும் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்க்க வேண்டும். பிள்ளை எழுந்து அழும்போது இதைச் செய்ய முடியாது.

இன்னொன்று. எழுந்து போகும்போதெல்லாம் 'அடுத்து செய்ய வேண்டியது இது' என்று ஒரு வரி எழுதி வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து யோசித்துக்கொண்டே உட்காரும் நேரம்தான் இந்த வேலையில் அதிகம் வீணாகிறது.

ஆட்டோ அப்டேட்டை ஆன் செய்து வைத்தால் ஞாயிற்றுக்கிழமை தளம் விழுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. ஆஃப் செய்தால் ஹேக் ஆகிவிடுமோ என்று பயம். எது சரி?

எல்லாவற்றுக்கும் ஒரே பதில் கிடையாது. வேர்ட்பிரஸின் சிறிய பாதுகாப்பு அப்டேட்டுகள் 2013-இல் வந்த 3.7 பதிப்பிலிருந்து தானாகவே ஏறிக்கொள்கின்றன. அதைத் தொடவே தொடாதீர்கள், ஓடட்டும். தளத்துக்குக் கூடுதல் வசதி சேர்க்கும் ப்ளகின்களுக்கும் தீம்களுக்கும் இந்த வசதி 2020-இல் 5.5 பதிப்பில் வந்தது. அங்கேதான் பிரித்துப் பார்க்க வேண்டும். தொடர்புப் படிவம், சைட்மேப் (தளத்தின் பக்கப் பட்டியல்) மாதிரி எளிய ப்ளகின்களுக்கு ஆன் செய்யலாம். கடை, உறுப்பினர் சந்தா, பக்கங்களை வடிவமைக்கும் பேஜ் பில்டர் போன்றவற்றை ஸ்டேஜிங்கில் (தளத்தின் சோதனைப் பிரதியில்) முதலில் ஏற்றிப் பாருங்கள். அதையும் வார நாள் காலையில் செய்யுங்கள். வெள்ளிக்கிழமை மாலை எதையும் ஏற்றாதீர்கள்.

2019-இல் 5.2 பதிப்போடு ரெகவரி மோட் வந்தது. ஒரு ப்ளகின் தளத்தைக் கவிழ்த்தால் அட்மின் மின்னஞ்சலுக்கு ஒரு லிங்க் வரும். அதன் வழியாக உள்ளே போய் அந்த ப்ளகினை நிறுத்திவிடலாம். அந்த முகவரி யாருடையது என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள். வேலையை விட்டுப் போன ஒருவருடைய முகவரி அங்கே இருந்தால் லிங்க் வந்தும் பயனில்லை. 2024-இல் வந்த 6.6 பதிப்பிலிருந்து, தானாக ஏறிய ப்ளகின் அப்டேட் தளத்தைக் கவிழ்த்தால் பழைய பதிப்புக்கே அது திரும்பிவிடும். நல்ல வசதிதான், ஆனாலும் பேக்கப் வேண்டும். அந்த பேக்கப்பை எடுத்து ஒரு முறையாவது வேறு இடத்தில் ஏற்றிப் பார்த்திருக்க வேண்டும். அப்படிப் பார்க்காத பேக்கப்பை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

இரவு பத்து மணிக்கு கிளையன்ட் வாட்ஸ்அப்பில் எழுதுகிறார். பதில் போடாவிட்டால் கோபித்துக்கொள்கிறார். எப்படிச் சொல்வது?

வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள். எது அவசரம்? தளம் திறக்கவில்லை, பணம் செலுத்த முடியவில்லை, யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள். இந்த மூன்றும் அவசரம். பேனர் நிறமும் எழுத்துப்பிழையும் காலையில் பார்த்துக்கொள்ளலாம். அவசரத்துக்குத் தனிக் கட்டணம் என்றும் எழுதுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இதைவிட முக்கியமானது, அவருக்கு என்ன அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்பது. பலர் கிளையன்டுக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கையே தினசரி வேலைக்கும் கொடுத்துவிடுகிறார்கள். அவர் இரவில் உட்கார்ந்து ஒரு ப்ளகினை நிறுவுவார், உங்களுக்கு போன் வரும். தளம் அவருடைய சொத்து. அதனால் அட்மின் கணக்கு ஒன்று அவர் பெயரில் பத்திரமாக இருக்கட்டும். அன்றாடம் எழுத எடிட்டர் கணக்கு கொடுங்கள். எழுதலாம், திருத்தலாம், வெளியிடலாம். ப்ளகின் பக்கம் கண்ணிலேயே படாது. பிழையை அவரே திருத்திக்கொள்ள அரை மணி நேரம் பொறுமையாகச் சொல்லிக்கொடுங்கள். நிரல் எழுதத் தெரியாதவரும் தானே எழுதி வெளியிடத்தான் இந்த மென்பொருளே வந்தது.

காலை ஆறு மணிக்கு ஷெட்யூல் செய்த பதிவு வெளியாகவில்லை என்று அடிக்கடி புகார் வருகிறது. நானே எழுந்து பப்ளிஷ் செய்கிறேன்.

இனி எழ வேண்டாம். யாராவது தளத்தைத் திறக்கும்போதுதான், குறித்த நேர வேலைகளைச் செய்யும் வேர்ட்பிரஸின் க்ரான் ஓடும். விடியற்காலையில் யாரும் வராவிட்டாலோ, வருகிறவர்களுக்கு கேஷிலிருந்தே (முன்பே சேமித்து வைத்த பிரதியிலிருந்தே) பக்கம் போனாலோ பதிவு அப்படியே காத்திருக்கும். தளத்தின் அடிப்படை அமைப்புகள் உள்ள கான்ஃபிக் ஃபைலில் அந்த க்ரானை நிறுத்திவிட்டு, சர்வரின் க்ரான் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதை அழைக்கும்படி வையுங்கள். இந்தப் புகார் பெரும்பாலும் அதோடு நின்றுவிடும்.

தமிழ்த் தலைப்பு வைத்தால் பதிவின் முகவரி பாதியில் வெட்டுப்படுகிறது. இரண்டு இரவுகள் உட்கார்ந்து தேடியும் புரியவில்லை.

உங்கள் தீமில் கோளாறு இல்லை. பதிவின் முகவரிப் பகுதிக்கு டேட்டாபேஸில் 200 இடங்கள்தான் உண்டு. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். முகவரியாக மாறும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று இடம் எடுக்கும். ஆக ஒரு குறிக்கு 9 இடம். 22 குறிகளோடு முடிந்துவிடும். அதிலும் 'கா' என்பது க, துணைக்கால் என்று இரண்டு குறி. நீளமான தலைப்பு எப்படித் தாங்கும்?

வெளியிடும் முன் முகவரியை நீங்களே இரண்டு, மூன்று சொற்களில் எழுதிவிடுங்கள். ஏற்கெனவே வெளியானதை மாற்றினாலும், பதிவுகளுக்குப் பழைய முகவரியிலிருந்து புதியதற்கு வேர்ட்பிரஸே திருப்பிவிடும். பக்கங்களுக்கு அப்படி நம்ப வேண்டாம், ரீடைரக்ட் நீங்கள்தான் போட வேண்டும்.

வீட்டில் இருப்பதால் எல்லா வேலையும் என் தலையில் விழுகிறது. "சும்மா கம்ப்யூட்டர் முன்னால்தானே உட்கார்ந்திருக்கிறாய்" என்கிறார் கணவர்.

இதைப் படித்தபோது மனசு கனத்துவிட்டது. உங்கள் வேலை கண்ணுக்குத் தெரிவதில்லை, அதுதான் சிக்கல். பழுதில்லாமல் ஓடுகிற தளத்தைப் பார்த்தால் யாரும் எதுவும் செய்ததாகவே தோன்றாது. வாரத் தொடக்கத்தில் இருவரும் உட்கார்ந்து அந்த வாரத்தை எழுதுங்கள்: எந்த நேரம் நீங்கள் கதவை மூடுவீர்கள், அப்போது பிள்ளைகள் யார் பொறுப்பு, சமையல் யார். மைக்ரேஷன் (தளத்தை இடம் மாற்றுவது) இருக்கும் நாளை இருவருக்கும் தெரியும்படி குறித்து வையுங்கள். சொன்ன நேரத்துக்கு லேப்டாப்பையும் மூடுங்கள். அவர் சம்மதிக்கும்வரை சும்மா இருக்கவும் வேண்டாம். உங்கள் வருமானமும் அந்த வீட்டுக்குத்தான் போகிறது, அதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

வேர்ட்பிரஸ் மட்டும் தெரிந்தால் போதுமா?

தொடங்கப் போதும், நிலைக்கப் போதாது. வேர்ட்பிரஸே பி2 என்ற மென்பொருள் நின்றுபோனபோது 2003-இல் மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் இருவரும் அதன் நிரலை எடுத்துத் தொடர்ந்ததுதான். மென்பொருள் மாறும். பிஎச்பி, ஜாவாஸ்கிரிப்ட், எஸ்கியூஎல் ஆகிய கணினி மொழிகள் கையில் இருந்தால் நீங்களும் மாறிக்கொள்ளலாம்.

பன்னிரண்டு வயது மகள் தனக்கும் ஒரு வலைப்பூ வேண்டும் என்கிறாள். அமைத்துக் கொடுக்கலாமா?

கண்டிப்பாக. முதலில் வீட்டுக் கணினியிலேயே லோக்கலாக நிறுவிக் கொடுங்கள். தீமை மாற்றட்டும், உடைக்கட்டும், எழுதட்டும். இணையத்தில் வேண்டும் என்று கேட்டால் பள்ளிப் பெயரும் முகமும் இல்லாமல் தொடங்குங்கள். போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடமும் பதிவாகியிருக்கலாம், அதை நீக்கிவிட்டு ஏற்றக் கற்றுக்கொடுங்கள். பதிவுக்கு பாஸ்வேர்டு போட்டாலும் அதிலுள்ள படத்தின் நேரடி முகவரி தெரிந்தவர் படத்தைத் திறந்துவிடலாம். இதைப் பெரியவர்களே பலர் கவனிப்பதில்லை. அதனால் குடும்பப் படங்களை அதில் ஏற்றவே வேண்டாம்.