கேட்டுவிட்டுப் போடுங்கள்

கேள்வி: 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படத்தில் 'கண்மணி அன்போடு காதலன்' வந்த இடத்தில் தியேட்டரே கைதட்டியது. அதற்குப் போய் இளையராஜா நோட்டீஸ் அனுப்பலாமா? பெருமைப்பட வேண்டாமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: கைதட்டியவர்களில் நானும் ஒருவன். குழிக்குள் விழுந்தவனை இன்னொருவன் மேலே கொண்டுவந்து சேர்க்கிற நேரத்தில், 1991-ல் 'குணா'வின் காதலுக்காகப் பிறந்த பாட்டு அப்படியே நட்புக்கான பாட்டாகிவிடுகிறது. அந்த இயக்குநரின் ரசனையில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் 2024 மே மாதம் போன நோட்டீஸ் ரசனையைப் பற்றியது அல்ல, அனுமதியைப் பற்றியது. தயாரிப்புத் தரப்பு, பாட்டின் உரிமை வைத்திருக்கும் இசை நிறுவனங்களிடம் அனுமதி வாங்கிவிட்டோம் என்றது. ராஜா தரப்பு, மெட்டுப் போட்டவரைக் கேட்கவில்லையே என்றது. ஒலிநாடாவில் பதிந்திருக்கும் அந்தப் பாட்டு ஒரு சொத்து, அதற்குள் இருக்கும் மெட்டு தனிச் சொத்து. முதலாவதை வாங்கினால் இரண்டாவதும் கூடவே வந்துவிடுமா என்பதில்தான் சண்டை, அதற்கு அந்தக் காலத்து ஒப்பந்தத் தாள்களைப் புரட்டித்தான் பதில் சொல்ல முடியும்.

பெருமைப்படுவதும் படாததும் அவர் விருப்பம். நம் வீட்டு முற்றத்தில் நம்மைக் கேட்காமல் யாரோ பந்தல் போட்டுக் கல்யாணம் நடத்தி, ஊரே வந்து வாழ்த்திவிட்டுப் போனாலும், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று நமக்குத் தோன்றாதா?

கேள்வி: காசு கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: தீராது. காசு விஷயத்தில் நம் சட்டம் கொஞ்சம் தாமதமாகவாவது விழித்துக்கொண்டது. 1977-ல் உச்ச நீதிமன்றம், காசு கொடுத்துப் படத்துக்கென்று போடச் சொன்ன இசைக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், தயாரிப்பாளர்தான் முதல் உரிமையாளர் என்றது. அந்தத் தீர்ப்பிலேயே நீதிபதி கிருஷ்ணய்யர், கலைஞர்களின் நிலையை நாடாளுமன்றம் கவனிக்க வேண்டும் என்று தனியாக எழுதினார். கவனிக்க 35 வருஷம் ஆனது! 2012 திருத்தத்துக்குப் பிறகு, தியேட்டரில் படத்தோடு ஓடுவதைத் தவிர மற்ற பயன்பாடுகளுக்கான ராயல்டியில் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் உள்ள பங்கை அவர்களே எழுதிக் கொடுக்க நினைத்தாலும் கொடுக்க முடியாது.

ஆனால் 'என் பாட்டை இந்தக் காட்சிக்குப் போடாதே' என்று சொல்லும் உரிமை வேறு. அதற்குப் பக்கத்தில் வருவது காப்புரிமைச் சட்டத்தின் 57-ஆவது பிரிவு. படைப்பைச் சிதைத்து, படைத்தவரின் பேருக்குக் கெடுதல் வரும்படி மாற்றினால் அவர் தடுக்கலாம், உரிமையை விற்ற பிறகும் தடுக்கலாம். சிதைக்காமல், அவருக்குப் பிடிக்காத இடத்தில் அப்படியே போட்டால்? அங்கேதான் இந்தப் பிரிவு நழுவுகிறது. என்னைக் கேட்டால், மெட்டுக்கு அர்த்தம் கொடுப்பதே அது போய் உட்காரும் இடம்தான், அதனால் இடத்தைப் பற்றியும் படைத்தவருக்கு ஒரு சொல் இருக்க வேண்டும்.

கேள்வி: ஹாலிவுட்டில் இதெல்லாம் ஒழுங்காக நடக்கும்தானே?
- வாசகர், திருச்சி

பதில்: 1968-ல் வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'யின் கதையைக் கேளுங்கள். இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் முதலில் அலெக்ஸ் நார்த்தை இசையமைக்கச் சொன்னார், 'ஸ்பார்டகஸ்' படத்துக்கு இசையமைத்தவர். நார்த் லண்டனுக்குப் போய் ராப்பகலாக எழுதினார், வேலைப் பளுவில் உடம்பு முறுக்கிக்கொண்டு ஒலிப்பதிவுக்கு ஆம்புலன்ஸில் போக வேண்டியதாயிற்று. படத்தின் முதல் பாதிக்கு 40 நிமிடத்துக்கு மேல் இசை தயார். அப்புறம், இனிமேல் இசை வேண்டாம் என்று தகவல் வந்தது. நியூயார்க்கில் படம் பார்க்கப் போய் உட்கார்ந்த பிறகுதான், தான் எழுதியதில் ஒரு துளிகூடப் படத்தில் இல்லை என்று அந்த மனிதருக்குத் தெரிந்தது. எடிட்டிங் மேஜையில் தற்காலிகமாக ஒட்டி வைத்திருந்த பழைய இசைத்தட்டுகளே குப்ரிக்குக்குப் பிடித்துப்போய்விட்டன.

அந்த இசைத்தட்டுகளில் பல, ஹங்கேரியில் இருந்து வந்து ஆஸ்திரியாவில் குடியேறிய ஜியார்ஜி லிகெட்டியுடையவை. கறுப்புப் பலகை ஒன்று மண்ணில் நட்டு நிற்க, குரங்குமனிதர்கள் பயந்து பயந்து அதைத் தொடுவார்களே, அங்கே எங்கிருந்தோ கூட்டமாக எழும்பும் அந்த மனிதக் குரல்கள் அவர் எழுதிய 'ரெக்வியம்', அதாவது இறந்தவர்களுக்கான பிரார்த்தனை இசை. ஒலிப்பதிவுகளை வைத்திருந்தவர்களிடம் சிலவற்றுக்கு அனுமதி வாங்கியிருந்தார்கள். எழுதியவரிடம், இவ்வளவு இசையை எடுக்கிறோம், இப்படிப் பயன்படுத்துகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. (நம் ஊர்க் கதை மாதிரியே இல்லை?) படம் வந்த பிறகு பார்த்தால் அவருடைய இசை ஏறக்குறைய அரை மணி நேரம் ஓடுகிறது! அதைவிட அவரைச் சுட்டது, கடைசியில் வரும் வெள்ளை அறைக் காட்சியில் 'அவாந்த்யூர்' என்ற அவருடைய படைப்பைக் கருவிகளால் மாற்றிப் போட்டிருந்தது. வழக்குப் போட்டார், சமரசத்தில் முடிந்தது.

பிற்பாடு அவரே அந்தப் படத்தைப் பாராட்டினார், தன் இசை அங்கே பொருந்தியிருக்கிறது என்றார். பின்னால் வந்த 'தி ஷைனிங்', 'ஐஸ் வைட் ஷட்' படங்களிலும் குப்ரிக் அவர் இசையை எடுத்தார். பொருத்தம் பிரமாதம், கேட்காதது தப்பு. இதில் ஒன்றை வைத்து இன்னொன்றை அழிக்க நான் தயாரில்லை.

கேள்வி: தன் இசை தன் கருத்துக்கே எதிராகப் பயன்பட்டால் என்ன செய்வது?
- வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: அதுவும் நடந்திருக்கிறது. 1948-ல் அமெரிக்காவில் சோவியத்துக்கு எதிரான 'தி அயர்ன் கர்ட்டன்' என்ற படம் வந்தது, அதன் பின்னணியில் ஷோஸ்டகோவிச், ப்ரோகோஃபியெவ், கச்சதூரியான், மியாஸ்கோவ்ஸ்கி என்று நான்கு சோவியத் இசைமேதைகளின் இசை. அவர்கள் பேரில் நியூயார்க்கில் போட்ட வழக்கு தோற்றது, அந்த இசைக்கு அமெரிக்காவில் காப்புரிமையே கிடையாது, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதால். பிரான்சில் அதே படத்தின் மீது போட்ட வழக்கு ஜெயித்தது. படைப்பாளியின் பேருக்கும் மனதுக்கும் உள்ள உரிமையை அந்த நாட்டுச் சட்டம் எப்போதுமே பெரிதாக மதிக்கும். ஆனால் ஒன்று, அதே 1948-ல் அந்த நால்வரையும் அவர்கள் அரசே கண்டித்துக்கொண்டிருந்தது. வழக்குப் போடும் முடிவில் அவர்களுடைய சொந்த விருப்பம் எவ்வளவு இருந்திருக்கும் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

கேள்வி: குறும்படம் எடுக்கிறேன். எண்பதுகளின் பாட்டு ஒன்று 10 விநாடி வேண்டும். அவ்வளவுக்கு அனுமதி வேண்டாம் என்கிறார்களே?
- வாசகர், சேலம்

பதில்: அப்படி ஒரு விநாடிக் கணக்கு நம் சட்டத்தில் இல்லை தம்பி, யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நண்பரைப் பாடவைத்துப் புதிதாகப் பதிவு செய்தாலும் மெட்டுக்கும் வரிகளுக்கும் அனுமதி வேண்டும், பழைய பதிவையே எடுத்தால் அந்தப் பதிவுக்கும் சேர்த்து வேண்டும். இசை நிறுவனத்துக்கு ஒரு கடிதம், இசையமைப்பாளருக்கு ஒன்று, பாடலாசிரியருக்கோ அவர் குடும்பத்துக்கோ ஒன்று எழுதுங்கள். எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, எத்தனை விநாடி, எங்கே திரையிடப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். முக்கியமாகக் காட்சி என்ன, அங்கே ஏன் இந்தப் பாட்டுதான் வேண்டும் என்று நாலு வரி எழுதுங்கள், காட்சியைப் படித்துவிட்டுக் காசைக் குறைத்துக்கொண்டவர்களும் உண்டு. பதில் வரும்வரை எடிட்டில் அந்த இடத்தைக் காலியாகவே விட்டு வையுங்கள். பாட்டை ஒட்டிப் பார்த்துவிட்டால் அப்புறம் உங்களுக்கு வேறு எதுவும் பிடிக்காது.