கல்யாண நாளுக்குக் கோல் பேஸ் ஹோட்டல்: வைப்பை உடைக்கலாமா?

கேள்வி: நானும் கணவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். கொக்குவிலில் சொந்த வீடு, கடன் எதுவும் இல்லை. இருவரின் ஓய்வூதியத்திலும் மாதச் செலவு போய்விடுகிறது. என் பெயரில் 25 இலட்சம் ரூபா ஒரு வருட நிலையான வைப்பில் 8 வீத வட்டிக்கு இருக்கிறது. நவம்பர் நடுப்பகுதியில் முதிர்கிறது, வட்டியும் அப்போதுதான் வரும். செப்டெம்பர் நடுவில் எங்களுக்குக் கல்யாணமாகி 40 வருடம். படிக்கிற காலத்தில் பள்ளிக்கூடச் சுற்றுலா போனபோது கொழும்பில் காலிமுகத்திடலில் நின்று பார்த்த கோல் பேஸ் ஹோட்டலில் இரண்டு இரவு தங்க வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. இவரோ, "படுத்தெழும்ப இவ்வளவு காசா? வெள்ளவத்தையில் தங்கச்சி வீடு இருக்கிறதே" என்கிறார். வைப்பில் கொஞ்சத்தை உடைத்து எடுக்கலாமா? கனடாவில் உள்ள மகன் தன் கடனட்டையில் புக் பண்ணித் தருகிறேன் என்கிறான். பிள்ளையின் காசு வேண்டாம் என்று இவர் அதற்கும் சம்மதமில்லை. மாரிக்கு முன் கூரையில் ஓடு மாற்றும் வேலையும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

— ஒரு வாசகி, கொக்குவில்

பதில்: ரீச்சர், தாராளமாகப் போய்த் தங்கிவிட்டு வாருங்கள். ஆனால் இரண்டு இரவு வேண்டாம், ஒன்று போதும். வைப்பில் மட்டும் கை வைக்காதீர்கள். உங்கள் கணவர் ஹோட்டல் பில்லுக்குப் பயப்படுகிறார். நான் பயப்படுவது, கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய "கொஞ்சத்தை உடைத்து" என்ற அந்தச் சொல்லுக்குத்தான்.

முதலில், பெரும்பாலான வங்கிகளில் நிலையான வைப்பில் கொஞ்சம் எடுப்பது என்ற பேச்சே இல்லை. உடைத்தால் முழுவதையும் உடைக்க வேண்டும். உடைத்தால் ஒப்புக்கொண்ட 8 வீதம் கிடையாது. போன நாட்களுக்கு வங்கி வேறொரு குறைந்த வீதத்தில் வட்டியைத் திருப்பிக் கணக்குப் போடும். அது எந்த வீதம் என்பது வங்கிக்கு வங்கி மாறும். உங்கள் வைப்புச் சான்றிதழின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருதரம் வாசியுங்கள். கணக்குக்காக 3 வீதம் என்று வைத்துக்கொள்வோம். செப்டெம்பர் நடுவில் உங்கள் வைப்புக்குப் பத்து மாதம் ஆகியிருக்கும். 8 வீதப்படி அதுவரை சேர்ந்த வட்டி ஏறக்குறைய 1,66,700 ரூபா. 3 வீதப்படி 62,500. ஆக, உடைத்த அன்றைக்கே ஒரு இலட்சத்து நாலாயிரம் ரூபா போய்விட்டது, இன்னும் நீங்கள் ரயில் கூட ஏறவில்லை. ஹோட்டலுக்குக் கொடுக்கப் போவதைவிட அதிகமாக வங்கிக்குக் கொடுத்துவிட்டுப் பயணம் தொடங்குவது நல்ல கூத்து.

இதற்கு மாற்று மிகச் சாதாரணமானது. அதே வங்கியில், அதே வைப்பை ஈடாக வைத்து ஒரு சிறு கடன் கேளுங்கள். வைப்பு உள்ளவருக்கு வங்கி இதை அதிகம் கேள்வி கேட்காமல் கொடுக்கும். வட்டி, வைப்பு வட்டியைவிட இரண்டு மூன்று வீதம் கூடுதலாக இருக்கும். 11 வீதம் என்றே எடுத்தாலும், ஒரு இலட்சத்துக்கு இரண்டு மாத வட்டி 1,833 ரூபா. சிறு கட்டணம் ஏதும் எடுத்தாலும் பெரிதாக மாறாது. நவம்பரில் வைப்பு முதிர்ந்ததும், வரும் வட்டியிலிருந்து கடனைக் கட்டிவிடலாம். முதல் அப்படியே இருக்கும். ஒரு பக்கம் 1,04,000, மறுபக்கம் 1,800. கணிதம் படிப்பித்தவர் வீட்டில் யாராவது இருந்தால் அவரிடமே இந்தக் கடதாசியைக் கொடுத்துவிடுங்கள்.

கடன் என்ற சொல்லே பிடிக்காது என்றால் பயணத்தை நவம்பர் கடைசிக்குத் தள்ளலாம். அப்போது வட்டி கையில் இருக்கும். ஆனால் இங்கே மாரி கொட்டும் நேரம், வீட்டைப் பூட்டிவிட்டுப் போக மனம் வராது. கொழும்பில் டிசம்பரிலிருந்து வெளிநாட்டார் வரும் காலம் என்பதால் அறை விலையும் ஏறத் தொடங்கும். செப்டெம்பர்தான் வசதி. நல்லூர்த் திருவிழாவும் முடிந்திருக்கும். திருவிழாக் காலத்தில் போனால், மச்சம் சாப்பிடாத நாட்கள் என்பதால் காலைச் சாப்பாட்டு மேசையில் பாதியைத் தொடவும் மாட்டீர்கள், அதற்கும் சேர்த்துத்தானே காசு கொடுக்கிறீர்கள்.

சரி, இனி பில்.

ஹோட்டல் சொல்லும் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கிறதா என்று பாருங்கள், அல்லது தொலைபேசியில் "எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று கேளுங்கள். அந்தக் குறிகளுக்குப் பின்னால் 10 வீதச் சேவைக் கட்டணமும் 18 வீத வற் வரியும் நிற்கின்றன. சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு அறவீடு என்று இன்னொரு 2.5 வீதத்தையும் சேர்ப்பார்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இவை ஏறும்போது, 45,000 என்று கேட்ட அறை பில்லில் 60,000க்குக் கிட்ட வந்து நிற்கும். 45,000 என்பது நான் கணக்குக்காக எடுத்த தொகை. உண்மையான விலை நாளுக்கு நாள் மாறும். வெள்ளி, சனி, நீண்ட விடுமுறை, போயா நாட்களை விட்டுக் கிழமை நாளில் போனால் குறையும். சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இதே கதைதான், மெனுவில் உள்ள விலையோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிப் பார்த்துவிட்டு ஓடர் பண்ணுங்கள்.

இந்த நாட்டில் வசிப்பவர்களுக்கென்று ரூபாவில் தனி விலை வைத்திருக்கும் ஹோட்டல்கள் பல. அடையாள அட்டை காட்ட வேண்டும். நீங்களே தொலைபேசியில் அழைத்து, உள்ளூர் விலை என்ன என்று கேட்டால்தான் இது வரும். மகன் கனடாவிலிருந்து இணையத்தில் பார்த்தால் அவருக்குத் தெரிவது டொலர் விலை. அதோடு கனடாக் கடனட்டைகளில் பெரும்பாலானவை வெளிநாட்டு நாணயத்தில் செலவழித்தால் 2.5 வீதம் கூடுதலாக எடுக்கும். இன்னொருவர் கார்ட்டில் புக் பண்ணியிருந்தால், வந்து நிற்கும்போது அந்தக் கார்ட்டைக் காட்டச் சொல்லி வரவேற்பில் இழுத்தடிப்பதும் உண்டு. மகனுக்கு ஆசை என்றால் வங்கி வழியாக உங்கள் கணக்குக்குக் காசு அனுப்பட்டும். வாங்குவதா இல்லையா என்பதை நீங்களும் ஐயாவும் பேசி முடிவு செய்யுங்கள், அதில் நான் தலையிட மாட்டேன். என்னைக் கேட்டால், பிள்ளை கல்யாண நாளுக்கு ஒரு இரவுச் சாப்பாடு வாங்கிக் கொடுப்பதைத் தடுக்க வேண்டியதில்லை.

உள்ளூர் வங்கிகள் தங்கள் கடனட்டைக்கு ஹோட்டல்களில் கழிவு கொடுப்பது வழக்கம். உங்களிடம் கார்ட் இருந்தால் விசாரியுங்கள், எந்த நாட்களுக்குச் செல்லாது என்பதையும் சேர்த்து. இந்தக் கழிவுக்காகப் புதிதாக ஒரு கார்ட் எடுக்க வேண்டாம். நிலுவை வைத்தால் அதன் வட்டி வைப்பு வட்டியின் மூன்று மடங்கைத் தொடும். வெள்ளவத்தையில் யாரோ ஒரு மருமகனின் கார்ட்டைக் கடன் வாங்குவதும் வேண்டாம். சொந்தத்துக்குள் காசுக் கணக்கு முடிந்தாலும் கதை முடியாது.

இப்போது ஏன் ஒரு இரவு என்று சொன்னேன் என்பதற்கு வருகிறேன்.

அந்த ஹோட்டல் 1864இல் திறந்தது. சூயஸ் கால்வாய் திறக்க ஐந்து வருடம் முன்பு. பிறகு கப்பல்கள் அந்த வழியால் வரத் தொடங்கிக் கொழும்புத் துறைமுகம் பெருத்தது, ஹோட்டலும் அதோடு வளர்ந்தது. யூரி ககாரின் தங்கிய இடம், இளவரசர் பிலிப் இளம் வயதில் இலங்கையில் வாங்கி ஓட்டிய கார் இன்றும் காட்சிக்கு நிற்கும் இடம். இவ்வளவு பெயருள்ள இடத்தில் நீங்கள் காசு கொடுப்பது கட்டிலுக்கு அல்ல. கட்டில் எந்த நல்ல ஹோட்டலிலும் ஒன்றுதான், அந்த அளவில் ஐயா சொல்வது முழுச் சரி. அங்கே விலைபோவது பின்பக்க விறாந்தை. கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரம் சதுரமாகத் தரை, அதற்கப்பால் புல், புல் முடிகிற இடத்தில் கடல். பின்னேரம் ஆறு மணியை ஒட்டிச் சூரியன் இறங்கும்போது, ஒருவர் பைப் வாத்தியம் வாசித்துக்கொண்டு முன்னே நடக்கக் கொடியை இறக்குவார்கள். அங்கே பார்க்க வேண்டிய நேரம் பின்னேரம் நாலு மணியிலிருந்து இருட்டும் வரை, பிறகு மறுநாள் காலை. இரண்டாவது இரவுக்குக் காசு கொடுத்தால் உங்களுக்குக் கூடுதலாகக் கிடைப்பது ஒரு வெயில் மத்தியானமும், ஏற்கனவே பார்த்த அதே பின்னேரமும்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து விடியற்காலை ரயிலில் ஆசனம் பதிந்து ஏறினால், மத்தியானம் திரும்பும் அளவில் கோட்டையில் இறங்கலாம். ஹோட்டல்களில் அறை கொடுப்பதும் பொதுவாக இரண்டு மணிக்குத்தான், காத்திருக்கத் தேவையில்லை. இரவு பஸ்ஸில் போனால் விடியவே வந்து இறங்கி, அறை கிடைக்கும் வரை உடுப்புப் பையோடு அலைய வேண்டும். மறுநாள் அறையை ஒப்படைத்துவிட்டு நேரே வெள்ளவத்தைக்கு ஓட்டோ பிடியுங்கள். இரண்டாவது இரவு மச்சாள் வீட்டில். ஐயா சொன்னதும் நடந்ததாயிற்று, மச்சாளுக்கும் மனக்குறை இராது.

அறை பதியும்போது ஒன்றைக் கவனியுங்கள். எல்லா அறையும் கடலைப் பார்த்தது அல்ல. கடல் தெரியும் அறைக்குக் கூடுதல் விலை உண்டு. விறாந்தையும் புல்வெளியும் தங்குகிற எல்லாருக்கும் பொது என்பதால், மலிவான அறையை எடுத்துப் பின்னேரம் முழுக்க வெளியே இருப்பது கெட்டித்தனம் என்று சொல்லலாம். ஆனால் 40 வருடத்துக்கு ஒருமுறை போகிறவருக்கு நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இரண்டாவது இரவை விட்டதில் மிஞ்சிய காசில் கொஞ்சத்தைக் கடல் பக்க அறைக்குப் போடுங்கள். பதியும்போதே "கடல் பக்கம்" என்று எழுத்தில் வாங்குங்கள். வரவேற்பில், மேலதிகச் செலவுகளுக்கென்று ஒரு தொகையை முன்பணமாகக் கேட்கலாம். டெபிட் கார்ட்டைக் கொடுத்தால் அந்தக் காசு சில நாட்களுக்குக் கணக்கில் முடங்கும், ஆகவே காசாகவே கொடுத்து, புறப்படும்போது கணக்குப் பார்த்து வாங்குங்கள்.

அறை, தேநீர், ஒரு இரவுச் சாப்பாடு, ரயில், ஓட்டோ எல்லாம் சேர்த்து ஒரு இலட்சம் என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். உள்ளூர் விலை கேட்டபின் அது கோட்டைத் தாண்டும் என்று தெரிந்தால், தங்குவதை விட்டுவிட்டு விறாந்தையில் பின்னேரத் தேநீர் மட்டும் குடிக்கலாம். வெளியாட்களும் போகலாம். செலவு அறை விலையில் ஒரு சிறு பங்குதான்.

கூரைக்கு முதலில் மேசனைக் கூப்பிட்டு எஸ்டிமேட் எடுங்கள். செப்டெம்பருக்கு முன் எடுங்கள், பிறகு ஆள் கிடைக்காது. அந்தத் தொகை பெரிதாக வந்தால் ஹோட்டலை அடுத்த வருடத்துக்குத் தள்ளுங்கள். இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. நவம்பரில் வைப்பைப் புதுப்பிக்கும்போது 25 இலட்சத்தையும் ஒரே சான்றிதழாகப் போடாமல் ஐந்து ஐந்து இலட்சமாகப் பிரித்துப் போடுங்கள். அவசரத்துக்கு ஒன்றை உடைத்தாலும் மற்ற நாலும் தங்கள் வட்டியோடு கிடக்கும்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. 2025 ஏப்ரலிலிருந்து வைப்பு வட்டியில் 10 வீதத்தை வங்கியே வரியாகப் பிடித்துக்கொள்கிறது. உங்கள் 2 இலட்சம் வட்டியில் அது 20,000 ரூபா. ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்கு உட்பட்டவர்கள் அதை அறிவித்துப் படிவம் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். ஓய்வூதியத்தையும் வட்டியையும் கூட்டினாலும் நீங்கள் அந்த எல்லைக்குக் கிட்டவும் வரமாட்டீர்கள். வரி இலக்கம் கேட்பார்கள், அது இல்லையென்றால் முதலில் அதை எடுங்கள். படிவத்தை ஒவ்வொரு வரி ஆண்டுக்கும் கொடுக்க வேண்டும், வட்டி வரவு வைக்கும் நாளுக்கு முன் கொடுக்க வேண்டும். வைப்புக் கடனைப் பற்றி விசாரிக்க வங்கிக்குப் போகும் அன்றைக்கே இதையும் நிரப்பிக் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்கு ஒரு பிரதியில் முத்திரை குத்தி வாங்கி வாருங்கள்.