பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சினுக்குப் பாகங்களைச் செய்துகொள்வது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: 1950களைச் சேர்ந்த எனது ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில், கனெக்டிங் ராடின் மேல்முனைப் புஷ் (துளைக்குள் பொருத்தும் உலோக வளையம்) தேய்ந்துவிட்டது. பழைய புஷ்ஷைக் கடைசல் பட்டறையில் கொடுத்து அதே அளவில் செய்யச் சொன்னால் போதுமா, ஐயா?

பதில்: போதாது. தேய்ந்த புஷ்ஷில் எஞ்சியிருப்பது தேய்மானத்தின் அளவே; எஞ்சினை வடிவமைத்தவர் வைத்த அளவு அதில் இல்லை. ஆகவே அதை ஒதுக்கி வைத்துவிட்டு, அது உட்காரும் துளையையும் அதனுள் ஓடும் பிஸ்டன் பின்னையும் (பிஸ்டனை ராடோடு இணைக்கும் உருளைத் தண்டு) அளந்துகொள்ளுங்கள். ராடின் துளையை, உள்விட்டம் அளக்கும் போர் கேஜால் இரு திசைகளிலும் பல ஆழங்களிலும் அளந்து, அதைவிட வெளிவிட்டம் 0.03 முதல் 0.05 மில்லிமீட்டர் வரை கூடுதலாக இருக்கும்படி பாஸ்பர் பிரான்ஸ் என்ற வெண்கலத்தில் கடையச் சொல்லுங்கள். சாதாரணப் பித்தளை இந்தச் சுமையை நெடுநாள் தாங்காது. உள்விட்டத்தைக் கடைசலிலேயே முடித்துவிடக் கூடாது என்பதை மிகவும் வலியுறுத்துகிறேன். அழுத்தி ஏற்றும்போது புஷ்ஷின் உள்துளை சுருங்கும் என்பதால், சிறிது உலோகத்தை விட்டுவைத்து, ஏற்றியபின் எண்ணெய்த் துளையைப் போட்டு, கடைசியில் துளையை நுட்பமாக அகலப்படுத்தும் ரீமரை ஓட்டி, எண்ணெய் தடவிய பிஸ்டன் பின்னானது கட்டைவிரலின் அழுத்தத்திற்கு வழுக்கிச் செல்லும் அளவில் முடிக்க வேண்டும். தொடக்க காலத்தில் இந்த வரிசையை மாற்றிச் செய்து, நல்லதொரு புஷ்ஷை வீணாக்கியிருக்கிறேன்.

கேள்வி: அலுமினிய சிலிண்டர் ஹெட்டில் வால்வு கைடு (வால்வின் தண்டு ஓடும் குழாய்) தளர்ந்து ஆடுகிறது. புதியதை வார்ப்பிரும்பில் செய்வதா, பிரான்ஸில் செய்வதா?

பதில்: இரண்டுமே உழைக்கும். ஆயினும் சூட்டில் என்ன நடக்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தபின் நான் பிரான்ஸையே தேர்ந்தெடுப்பேன். வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் உயர்ந்தால் அலுமினியம் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 23 பங்கும், பிரான்ஸ் 18 பங்கும், வார்ப்பிரும்பு 11 பங்கும் விரியும். 14 மில்லிமீட்டர் கைடு ஒன்று 150 பாகை சூடேறும்போது, வார்ப்பிரும்பாக இருந்தால் அதன் பிடி சுமார் 0.025 மில்லிமீட்டர் தளரும். பிரான்ஸாக இருந்தால் 0.01 மில்லிமீட்டர்தான் தளரும். உங்கள் ஹெட்டின் துளை ஏற்கெனவே அகன்றிருக்கும் என்பதால், அதை முதலில் வட்டமாகச் சீர்செய்து, அந்தப் புதிய அளவுக்கேற்பக் கைடைப் பெரிதாகக் கடைய வேண்டும். பொருத்தும்போது ஹெட் முழுவதையும் அடுப்பில் சீராகச் சூடாக்குங்கள். ஓரிடத்தில் மட்டும் தீச்சுடரைக் காட்டினால் ஹெட் கோணிவிடும். கைடின் அச்சு இம்மியளவேனும் நகர்ந்திருக்கும் என்பதால், வால்வு வந்து அமரும் வளையமான வால்வு சீட்டை மறுபடியும் வெட்டியே ஆக வேண்டும்.

கேள்வி: பிஸ்டன் எங்கும் கிடைக்கவில்லை. அலுமினியத் தண்டிலிருந்து லேத்தில் கடைந்துகொள்ளலாமா?

பதில்: வேண்டாம் என்றே சொல்வேன். பிஸ்டன் பார்வைக்கு உருளையாகத் தெரிந்தாலும் உண்மையில் உருளை அன்று. பிஸ்டன் பின்னின் நீளவாக்கில் உலோகம் அதிகமாக இருப்பதால் அங்கே விரிவும் அதிகம். அதற்காகவே அந்தத் திசையில் சற்றுக் குறுக்கி, நீள்வட்டமாக வைத்திருப்பார்கள். அதிகம் சூடாகும் மேற்பகுதியின் விட்டமும் குறைவாக இருக்கும். சாதாரண லேத் தருவது வட்டத்தை மட்டுமே. அப்படிக் கடைந்த பிஸ்டன் சூடேறியதும் சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அதனால், சிலிண்டர் விட்டம், பின்னின் விட்டம், பின்னின் மையத்திலிருந்து பிஸ்டனின் உச்சிவரை உள்ள உயரம் ஆகிய மூன்றும் ஒத்துவரும் வேறொரு எஞ்சினின் பிஸ்டனைத் தேடுங்கள். எடையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கிராங்கின் சமநிலை பழைய பிஸ்டனின் எடைக்கேற்ப அமைக்கப்பட்டது.

கேள்வி: எனது பிரிட்டிஷ் எஞ்சினில் கால் அங்குலத் திருகு சரியாக ஏறுகிறது. ஆனால் இறுக்கும்போது மரை கழன்றுவிடுகிறது. ஏன்?

பதில்: கால் அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 26 புரிகளும் கொண்ட இரண்டு மரைகள் அக்கால எஞ்சின்களில் உண்டு. பிரிட்டிஷ் ஸ்டாண்டர்ட் ஃபைன் மரையின் கோணம் 55 பாகை, சைக்கிள் மரையின் கோணம் 60 பாகை. ஒன்றின் திருகு மற்றொன்றில் ஏறும், ஆனால் புரிகளின் முகம் முழுவதும் படியாது. புதிய திருகைச் செய்வதற்கு முன் புரிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் மரை கேஜை வைத்துப் பாருங்கள்.

கேள்வி: தொலைந்துபோன டைமிங் மூடியை (டைமிங் பற்சக்கரங்களை மறைக்கும் மூடி), நண்பரின் மூடியையே அச்சாக மண்ணில் பதித்து அலுமினியத்தில் வார்த்துக்கொள்ளலாமா?

பதில்: அப்படியே பதித்தால் பொருந்தாது. அலுமினியம் உறைந்து குளிரும்போது நீளத்தில் ஏறத்தாழ 1.3 சதவீதம் சுருங்கும். 200 மில்லிமீட்டர் நீள மூடி இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் குறைந்து, திருகுத் துளைகள் எஞ்சினின் துளைகளோடு சேராமல் போகும். நண்பரின் மூடியை அளவெடுத்து, சுருக்கத்திற்கு உரியதைக் கூட்டி, எஞ்சினோடு சேரும் முகத்தில் கடைசலுக்காக இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிப்பையும் சேர்த்து, மரத்திலோ முப்பரிமாண அச்சுப்பொறியிலோ தனி அச்சு ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். மண்ணிலிருந்து உடையாமல் வெளிவருவதற்கு அச்சின் பக்கச் சுவர்களில் ஒன்றிரண்டு பாகைச் சரிவும் இருக்க வேண்டும். துளைகளை வார்ப்பில் விடாதீர்கள். முகத்தைச் சமப்படுத்திய பிறகு, உங்கள் எஞ்சினின் அடிக்கூடான கிராங்க் கேஸிலிருந்தே அவற்றின் இடத்தைக் குறித்துத் துளையிடுங்கள்.