பட்டை மணக்கும் கிறிஸ்துமஸ் தொங்கல்கள்: கேட்டதும் சொன்னதும்

மரத்தில் மாட்டும் பட்டைத் தொங்கல்களைப் பற்றிக் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒவ்வொன்றாகப் பதில் சொல்வதற்கு முன், புதிதாக வந்தவர்களுக்காக அடிப்படை முறை: ஒரு கப் பட்டைத் தூள், முக்கால் கப் ஆப்பிள் கூழ். கூடுதல் உறுதி வேண்டுமென்றால் இரண்டு மேசைக்கரண்டி வெள்ளைப் பசை. பிசைந்து அரை மணி நேரம் மூடி வையுங்கள். பிறகு கால் அங்குலக் கனத்துக்குத் தேய்த்து, அச்சால் வெட்டி, மேலே ஓட்டை போட்டுக் காய வைக்க வேண்டும். அடுப்பில் வேகவைப்பது எதுவும் கிடையாது. வந்திருக்கும் புகார்களில் பாதிக்கு மேல் ஈரத்தைப் பற்றியவைதான். அதனால் அந்தப் பேச்சு திரும்பத் திரும்ப வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடையில் இரண்டு விதப் பட்டை இருக்கிறது. ஒன்று விலை கூடுதல், மெல்லிய சுருள். இன்னொன்று தடித்த மரப்பட்டை மாதிரி. எதைப் பொடிப்பது அக்கா?

தடித்ததை வாங்குங்கள். மெல்லிய ஏடுகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டிருப்பது இலங்கைப் பட்டை. அதன் மணம் மென்மையானது, கொஞ்சம் கிராம்பு வாடையும் சேர்ந்திருக்கும். சமையலுக்கு அருமை. ஒற்றையாகத் தடித்துச் சுருண்டிருப்பது காசியா, அதாவது சீனா, இந்தோனேசியா, வியட்நாம் பக்கத்துப் பட்டை. பட்டைக்கு அந்த மணத்தைத் தருவது சின்னமால்டிஹைடு என்ற பொருள். காசியாவில் அது தூக்கலாக இருக்கும். காசியாவை அதிகம் சாப்பிட வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் அதிலுள்ள கூமரின், அளவு மிஞ்சினால் ஈரலைக் கெடுக்கும் பொருள். நாம் இதைத் தின்னப் போவதில்லை, ஆகவே அந்தக் கவலை இங்கே இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. காசியாத் தூளில் தண்ணீர் பட்டால் வழவழவென்று பசை மாதிரி ஆகும். சமையலில் அது தொந்தரவு, நமக்கு வரப்பிரசாதம். மாவைப் பிடித்து வைப்பதில் பாதி வேலையை அதுவே செய்துவிடுகிறது.

வீட்டில் பொடித்தால் மெல்லிய சல்லடையில் சலித்துவிடுங்கள். நார் நாராகக் கிடந்தால் ஓரம் பிசிறடிக்கும். சோம்பலாக இருந்தால் பொடித்ததையே வாங்குங்கள், தப்பில்லை.

கேள்வி: நீங்கள் சொன்ன அளவிலேயே போட்டேன். உதிர்ந்து உதிர்ந்து போகிறது. தண்ணீர் ஊற்றலாமா?

உடனே ஊற்றாதீர்கள். பட்டைத் தூள் ஈரத்தை மெதுவாகத்தான் இழுக்கும். பிசைந்தவுடன் வறண்ட மணல் மாதிரி உதிர்வது, மூடி வைத்து அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் தானாக ஒட்டிக்கொண்டிருக்கும். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால் அதே அரை மணியில் சேறாகிவிடும்.

பதம் பார்க்கும் வழி: ஒரு சிறு உருண்டையை உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்துங்கள். ஓரமெல்லாம் விரிந்து வெடித்தால் ஈரம் போதாது, ஒரு தேக்கரண்டி கூழ் சேருங்கள். விரல் ரேகை தெளிவாகப் பதிந்து, விரலை எடுக்கும்போது ஒட்டாமல் வந்தால் சரி. கையில் பழுப்பாக அப்பிக்கொண்டு வந்தால் ஈரம் கூடிவிட்டது, தூள் சேருங்கள்.

கேள்வி: ஆப்பிள் கூழ் வீட்டிலேயே செய்யலாமா மேடம்?

தாராளமாக. தோல், விதை நீக்கி மிகக் குறைந்த தண்ணீரில் குழைய வேகவைத்து மசியுங்கள். துணியில் கட்டி நீரை வடிய விட்டால் இன்னும் நல்லது. சர்க்கரை மட்டும் கூடாது. சர்க்கரை உள்ள தொங்கல் முழுதாகக் காயாது, தொட்டால் பிசுபிசுக்கும், எறும்பு வரும். கடையில் வாங்கினாலும் இனிப்பு சேர்க்காததா என்று பாருங்கள். ஆப்பிளைப் பயன்படுத்துவது அதன் மணத்துக்காக அல்ல, அதிலுள்ள பெக்டினுக்காக. ஜாமைக் கெட்டியாக்கும் அதே பெக்டின்தான் இங்கே தூளைப் பிடித்து வைக்கிறது.

கேள்வி: ஆப்பிளே இல்லாமல் முடியாதா?

முடியும். பட்டைத் தூள், வெள்ளைப் பசை, தேவைக்குத் தண்ணீர். பசையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பிசையுங்கள். கெட்டியாக வரும், பூஞ்சை பயமும் குறைவு. வாசனை மட்டும் சற்று மங்கல், ஏனென்றால் பசை காய்ந்து தூளின் மேல் ஒரு படலமாகப் படிந்துவிடும். அதனால் நான் ஆப்பிள் கட்சி.

கேள்வி: பசை போடுவது ஏமாற்று வேலை என்று என் மாமியார் சொல்கிறார். தீர்ப்பு வழங்கவும்!

குடும்ப விவகாரத்தில் என்னை இழுக்காதீர்கள். ஒரு வருடம் மாட்டிவிட்டுத் தூக்கிப் போடுவதாக இருந்தால் அவர் சொல்வது சரி. பல வருடம் எடுத்து வைக்க நினைத்தால் நீங்கள் சொல்வது சரி.

கேள்வி: காய வைத்தபோது எல்லாமே படகு மாதிரி வளைந்துவிட்டன. ஓவனிலா, காற்றிலா, எது நல்லது?

இதை விரிவாகவே சொல்ல வேண்டும். வளைவது ஏன் என்றால், மேல்பக்கம் முதலில் காய்ந்து சுருங்குகிறது. அடிப்பக்கம் தட்டில் ஒட்டி ஈரமாகவே கிடக்கிறது. சுருங்கிய பக்கம் இழுக்க, ஓரம் மேலே எழும்பும். இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் காய்ந்தால் வளைவதற்குக் காரணமே இல்லை. எனவே கம்பி வலைத் தட்டில் வையுங்கள், அடியிலும் காற்று போகட்டும். முதல் நாள் சில மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் போடுங்கள். மேல்பக்கம் தொட்டால் ஈரமில்லை என்ற நிலை வந்ததும், இரண்டு பேக்கிங் தாளுக்கு நடுவே வைத்து மேலே கனமான புத்தகம் ஒன்றைச் சில மணி நேரம் வைத்து எடுக்கலாம். அதற்குப் பிறகு மறுபடி காற்றில். புத்தகத்துக்கு அடியிலேயே விட்டுவிட்டால் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூஞ்சை பிடிக்கும்.

காற்றில் காய இரண்டு நாளாவது ஆகும். ஈரப்பதம் மிகுந்த காலநிலை என்றால் நான்கைந்து நாளும் ஆகலாம். மின்விசிறிக்கு நேர் கீழே வைக்காதீர்கள். மேல்பக்கம் வேகமாகக் காய்ந்து பழைய கதைதான். அறையில் காற்று ஓடினால் போதும்.

ஓவன் என்றால் 90 முதல் 100 டிகிரி செல்சியஸ், இரண்டு முதல் இரண்டரை மணி நேரம், பாதியில் ஒரு முறை திருப்ப வேண்டும். வீடெல்லாம் மணக்கும். அந்த மணம் ஓவனிலிருந்து வெளியே போய்விட்ட மணம் என்பதையும் நினைவில் வையுங்கள்! பசை சேர்த்திருந்தால் ஓவன் வேண்டாம், சூட்டில் பசை இளகும். மைக்ரோவேவ் எக்காரணம் கொண்டும் வேண்டாம். ஓரிடத்தில் கருகி இன்னோரிடத்தில் ஈரமாக இருக்கும்.

கேள்வி: மேலே கேட்டவள்தான். ஏற்கெனவே வளைந்தவற்றை நிமிர்த்த முடியுமா?

முழுதாகக் காயவில்லை என்றால் உட்குழிந்த பக்கத்தை ஈரத் துணியால் லேசாக ஒற்றி, சற்று ஊறிய பின் தாளுக்கு நடுவே வைத்து எடை வையுங்கள். காய்ந்துவிட்டது என்றால் விட்டுவிடுங்கள், நிமிர்த்தினால் இரண்டாகும். இலை, நட்சத்திரம் போன்றவை வளைந்திருந்தாலும் மரத்தில் அழகாகத்தான் இருக்கும்.

கேள்வி: காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கன்னத்தில் வைத்துப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் சில்லென்று இருக்கும். நகத்தால் தட்டினால் மந்தமாகக் கேட்டால் இன்னும் இருக்கிறது, மரத்துண்டைத் தட்டியது போலக் கேட்டால் முடிந்தது. நிறமும் ஒரு படி வெளிறும்.

கேள்வி: தேய்க்கும்போது மைதா தூவினேன், வெள்ளைத் திட்டுகளாக நிற்கிறது.

மைதாவுக்குப் பதில் பட்டைத் தூளையே தூவுங்கள். அல்லது இரண்டு பேக்கிங் தாளுக்கு நடுவே வைத்துப் பூரிக்கட்டையால் தேய்த்தால் எதையும் தூவ வேண்டாம். கனம் சீராக வர, இரு பக்கமும் ஒரே தடிமனுள்ள இரண்டு அட்டைப் பட்டிகளை வைத்து அவற்றின் மேல் கட்டையை உருட்டுங்கள். ஒரு பக்கம் மெல்லிசாகவும் மறுபக்கம் தடிப்பாகவும் இருந்தால் நடுவில் விரிசல் விடும்.

மேசையில் தாள் விரித்துக்கொள்ளுங்கள். வெளிர்நிறத் துணியில் ஈரப் பட்டை பட்டால் கறை எளிதில் போகாது.

கேள்வி: ஓட்டை போட்ட இடத்தில் உடைந்துவிடுகிறது.

ஓரத்துக்கு மிக அருகில் போடுகிறீர்கள். குறைந்தது ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளிப் போடுங்கள். ஸ்ட்ராவை நேராகக் குத்தித் திருகி எடுத்தால் சுத்தமாக வரும். காய்ந்தால் துண்டு சுருங்கும், ஓட்டையும் சேர்ந்து சுருங்கும், எனவே ரிப்பனின் அளவைவிடப் பெரிதாகவே போடுங்கள். காய்ந்த பிறகு துளையிட நினைக்க வேண்டாம்.

கேள்வி: பட்டை விலைக்கு இது கட்டுப்படியாகாது. மைதா, உப்பு, கொஞ்சம் பட்டை போட்டுச் செய்தால்?

செய்யலாம். ஒரு கப் மைதா, அரை கப் உப்பு, அரை கப் பட்டைத் தூள், முக்கால் கப் தண்ணீர் வரை. வெளிர் பழுப்பாக வரும், வடிவம் கச்சிதமாக நிற்கும். வாசனை பாதிகூட இருக்காது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் என்பதால் மழைக்காலத்தில் நமுத்துப்போகும். பூச்சு அடித்தால் நமுக்காது, ஆனால் வாசனையும் பூச்சுக்குள்ளேயே அடைபட்டுவிடும். நிறையச் செய்ய வேண்டும், பார்வைக்கு இருந்தால் போதும் என்றால் இது. மணம் வேண்டும் என்றால் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு மைதா இல்லாமல் முழுக்கப் பட்டைத் தூளிலேயே செய்யுங்கள், அல்லது சின்ன அச்சு வாங்குங்கள்.

கேள்வி: வீட்டில் நாய் இருக்கிறது. பூனையும் உண்டு.

அப்படியானால் உப்பு மாவுப் பக்கமே போகாதீர்கள். உப்பு மாவைத் தின்ற நாய்க்கு உடலில் சோடியம் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆப்பிள், பட்டை வகையும் அவற்றின் தீனி கிடையாது, மேல் கிளைகளில் மாட்டுங்கள். பட்டை எண்ணெய், கிராம்பு எண்ணெய் எல்லாம் பூனை உள்ள வீட்டில் வேண்டாம். அவற்றின் ஈரல் இந்த எண்ணெய்களை நம் ஈரல் போலக் கையாளாது. நாயோ பூனையோ எதையாவது தின்றுவிட்டால் கால்நடை மருத்துவரை உடனே கூப்பிடுங்கள்.

கேள்வி: ஐந்து வயதுக் குழந்தையோடு செய்யலாமா?

அச்சு வெட்டுவது, ரிப்பன் கோப்பது எல்லாம் குழந்தைக்கு. தூளைக் கொட்டிக் கலப்பது உங்களுக்கு. பறக்கும் பட்டைத் தூள் மூச்சுக்குள் போனால் கடுமையாக இருமும், நுரையீரலுக்கும் கெடுதல். ஆஸ்துமா இருந்தால் கலக்கும்போது குழந்தை அந்த அறையிலேயே வேண்டாம். சிலருக்குப் பட்டை பட்டால் தோல் சிவந்து எரியும், கையுறை போட்டுவிடுங்கள். பார்க்க பிஸ்கட் மாதிரியே இருப்பதால், இது தின்பதற்கல்ல என்று முதலிலேயே சொல்லிவைப்பது அவசியம். பல் பட்ட அடையாளத்தோடு ஒரு நட்சத்திரம் எங்கள் வீட்டு மரத்தில் வருடா வருடம் தொங்குகிறது, கடித்தவர் இப்போது கல்லூரியில்.

கேள்வி: எப்படி அலங்கரிப்பது?

கரும்பழுப்பின் மேல் வெள்ளை அக்ரிலிக் பெயின்டில் மெல்லிய கோடுகள், புள்ளிகள். இதற்கு மேல் எதுவும் தேவையில்லை என்பது என் கருத்து. ஈரமாக இருக்கும்போது லேஸ் துணியை அழுத்தி எடுத்தால் பூவேலை பதியும். ஓரப் பிசிறுகளைக் காய்ந்த பின் உப்புத்தாளால் தேய்க்கலாம். சர்க்கரை ஐசிங் வேண்டாம், எறும்பைப் பற்றி ஏற்கெனவே சொன்னேன். முழுக்க வார்னிஷ் அடித்துவிட்டு வாசனை வரவில்லை என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

கேள்வி: போன வருடத் தொங்கல்களில் வாசனை போய்விட்டது. தூக்கிப் போடவா?

வேண்டாம். போனது மேல்பரப்பின் வாசனை மட்டும். பின்பக்கத்தை உப்புத்தாளால் லேசாகச் சுரண்டுங்கள், உள்ளே இருக்கும் பட்டை மறுபடி மணக்கும். பூனை இல்லாத வீடென்றால், பின்பக்கம் ஒரு சொட்டுப் பட்டை எண்ணெய் விட்டுப் பெட்டியில் மூடி ஒரு நாள் வைக்கலாம். வெறுங்கையில் எண்ணெயைத் தொடாதீர்கள்.

கேள்வி: ஆரஞ்சுத் தோல் பொடி சேர்த்தால் மணம் கூடுமா?

ஒரு வாரத்துக்குக் கூடும். ஆரஞ்சு வாசனை சீக்கிரம் ஆவியாகும் ரகம். கிராம்பு அப்படியில்லை, பட்டையோடு கடைசிவரை கூட வரும். ஒரு கப்புக்கு ஒரு மேசைக்கரண்டி கிராம்புத் தூள் போதும், மிஞ்சினால் பல் மருத்துவமனை வாடை அடிக்கும்.

கேள்வி: பெட்டியைத் திறந்தால் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. பூஞ்சையா?

உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். பஞ்சு மாதிரி இழை இழையாக இருந்தால் பூஞ்சை. தூக்கிப் போடுங்கள், துடைத்துவிட்டு மாட்டாதீர்கள். உப்பு மாவு வகையில் மினுமினுப்பாகத் துகளாக இருந்தால் அது வெளியே பூத்த உப்பு, காய்ந்த தூரிகையால் தட்டிவிட்டால் போதும். பட்டைக்குப் பூஞ்சையை எதிர்க்கும் குணம் உண்டு என்பது உண்மைதான், ஆனால் உள்ளே ஈரத்தோடு பெட்டியில் அடைத்தால் அந்தக் குணம் காப்பாற்றாது.

கேள்வி: வெளியூரிலிருக்கும் தங்கைக்குக் கூரியரில் அனுப்ப வேண்டும். உடையாமல் போகுமா?

பசை சேர்த்துச் செய்யுங்கள், வட்டம், இதயம் போன்ற திரண்ட வடிவங்களாக எடுங்கள். மான் கொம்பு, நட்சத்திர முனை எல்லாம் வழியிலேயே போய்விடும். ஒவ்வொன்றையும் மெல்லிய தாளில் தனித்தனியாகச் சுற்றி, தட்டையாகப் படுக்க வைக்காமல் செங்குத்தாக அடுக்கி, பெட்டியைக் குலுக்கினால் சத்தம் வராத அளவுக்கு இண்டு இடுக்கை அடையுங்கள். ரிப்பனைத் தனியாக வையுங்கள், அங்கே போய்க் கோத்துக்கொள்ளட்டும். உடைந்து போய்ச் சேர்ந்தாலும் துண்டுகளைச் சின்னத் துணிப்பையில் கட்டி அலமாரியில் போடச் சொல்லுங்கள்.