மண் வீடு: சில கேள்விகள், சில பதில்கள்

மண் சுவர் ஐப்பசி அடைமழையில் கரைந்துவிடாதா? (வாசகி, புதுக்கோட்டை)

நனையவிட்டால் கரையும்தான். பழைய மண் வீடுகளைப் பாருங்கள்: இறவாரம் சுவரைத் தாண்டி இரண்டடிக்கு மேல் இறங்கியிருக்கும், அடியில் கருங்கல் கடைக்கால் இருக்கும். சுவருக்கு மேலிருந்து விழும் மழையைவிட, தரையில் விழுந்து தெறிக்கும் தண்ணீர்தான் எமன். அடிச்சுவரை அரித்துக்கொண்டே வரும். அதனால் தரைக்கு மேல் ஒன்றரை அடியாவது கல்லோ சுட்ட செங்கல்லோ வையுங்கள்.

‘பாதுகாப்புக்கு’ என்று சிமெண்ட் பூசிவிடாதீர்கள். அப்படிப் பூசிய ஒரு வீட்டில் மூன்றாம் மழைக்குப் பிறகு பூச்சைத் தட்டிப் பார்த்தேன். டொக்கென்று சத்தம் கேட்டது; ஒரு முழ அளவுக்கு அப்பளம்போலப் பெயர்ந்து கையோடு வந்தது. பின்னால் மண் இன்னும் ஈரமாகவே இருந்தது. உள்ளே போன ஈரம் வெளியேற வழி வேண்டும். மண் பூச்சும் சுண்ணாம்புப் பூச்சும் அந்த வழியைத் தரும், சிமெண்ட் அடைத்துவிடும்.

எங்கள் மனையில் தோண்டிய மண்ணிலேயே மண்கல் அறுக்கலாமா? (வாசகர், திண்டுக்கல்)

மேல்மண்ணை ஓரடிக்கு வழித்துத் தோட்டத்துக்கு ஒதுக்குங்கள். வேரும் மக்கும் கலந்தது சுவருக்கு ஆகாது. அடிமண்ணைக் கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, தண்ணீர் நிரப்பி, ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்து நன்றாகக் குலுக்கி ஒருநாள் அசையாமல் வையுங்கள். அடியில் சரளையும் மணலும், நடுவில் வண்டல், மேலே களி என்று அடுக்கடுக்காகப் படியும். புதுச்சேரி அருகே உள்ள ஆரோவில்லில் அழுத்து மண்கல்லுக்குச் சொல்லும் கணக்கு ஏறத்தாழ சரளை 15, மணல் 50, வண்டல் 15, களி 20 சதவீதம். அதோடு 5 சதவீதம் சிமெண்ட் கலந்து அச்சில் அழுத்துவார்கள். சூளை கிடையாது, நான்கு வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். கரிசல் என்றால் விட்டுவிடுங்கள். ஈரத்தில் உப்பும், வெயிலில் வெடிக்கும்.

மண் சுவரில் கரையான் வருமே?

அது மண்ணைத் தின்பதில்லை, மரத்துக்குப் போகும் பாதையாக்கிக்கொள்ளும். நிலைக்கட்டையைக் காப்பாற்றுங்கள்.

கேரளத்தில் சிக்கன வீடுகள் கட்டிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பாணியில் கட்டினால் செலவு பாதியாகுமாமே? (வாசகர், நாகர்கோவில்)

பாதி என்பது ஆசை. அவருடைய ‘எலிப்பொறிக் கட்டு’ முறையில் செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைப்பதால் சுவருக்குள் பொந்து விழும். கல் சுமார் 25 சதவீதம் மிச்சம், வெயிலும் உள்ளே இறங்காது. ஆனால் பூச்சு வேலை இல்லாததால் கல் ஒரே அளவில் இருக்க வேண்டும். கோணல் கல்லும் பழக்கமில்லாத கொத்தனாரும் சேர்ந்தால், கல்லில் மிஞ்சியது கூலியில் போய்விடும். முதலில் ஒரு மதில் சுவர் கட்டச் சொல்லிப் பாருங்கள்.

கிளிஞ்சல்போல வளைந்த வீடுதான் இயற்கையோடு ஒட்டியது என்கிறார் என் மகன்.

திருவனந்தபுரம் தம்பானூரில் பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸுக்கு உங்கள் மகனைக் கூட்டிப் போங்கள். நடைபாதையே சுழன்று சுழன்று மேலே ஏறும், ஓரத்தில் மேசைகள், சுவர் முழுக்கக் காற்று வரும் ஓட்டைகள். சின்ன இடத்தில் நிறையப் பேரை உட்கார வைக்க அந்தச் சுழல் உதவுகிறது. உங்கள் மனையோ நீள்சதுரம், வீட்டில் நான்கு பேர். வளைந்த சுவரில் பீரோவை எங்கே சாத்துவார் என்றும் கேளுங்கள்.